வாய் திறந்தால் காது அடைக்கும் பெட்டி

1

டக். டக். டக்.

கும்மிடிப்பூண்டித் தண்ணீர்த் தொட்டியின் காலடியில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை. அதற்குள் ஒரு ஒலிபெருக்கி, யாரோ உள்ளிருந்து விரலால் சுண்டுவதுபோல் அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு டக்குக்கும் நடுவே ஒரு பெண் குரலின் துணுக்கு. "சா—" டக். "கேக்—" டக். "ஏ—" டக். எதிரே ஓர் இளம் இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றான் என் தம்பி வேங்கடேசன். இந்தக் கதை எனக்கு வந்ததே அவனால்தான். ஓர் அரசு இலாகாவின் வயர்லெஸ் பிரிவில் வரைபடம் போடுகிறவன். எந்த இலாகா என்று கேட்காதீர்கள், அவன் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறான். போன ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் என் வீட்டுக்குள் நுழைந்தவன், நான் எழுதிக்கொண்டிருந்த காதல் கதையை எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதை மூடி வை. கேவிட்டியைப் பத்தி எழுது."

"பல் டாக்டர் கதையா?"

"ரிப்பீட்டருக்கு எந்த ஃபில்டர் போடறதுன்னு ஒரு பெரிய சண்டை நடந்தது. ஆள் பேர் பாஷ்யம். நம்ம ஊர்தான்."

நான் அவனுக்குக் காபி கொடுத்தேன். அது ஆறிப்போகும் வரை பேசினான். வாரப் பத்திரிகையில் பத்து வருஷமாக எழுதுகிறேன். செம்பு டப்பாவை வைத்துக் கதை எழுதச் சொன்ன முதல் ஆள் இவன்தான்.

(ஃபில்டர் என்றதும் காபி ஃபில்டரை வைத்து ஒரு வேடிக்கை எழுதினேன். அடித்துவிட்டேன். உங்களுக்கும் தோன்றியிருக்கும். தோன்றியதோடு விட்டுவிடுங்கள்.)

2

ஆரம்பங்கள், நான் கிழித்துப் போட்ட வரிசையில்:

"வங்கக் கடலின் அலைகள் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்த ஓர் அந்தி வேளையில், பாஷ்யம் ஜன்னல் வழியே—"

கும்மிடிப்பூண்டித் தொட்டி அறையிலிருந்து கடல் தெரியாது. தெரிவது ஒரு இரும்பு உருக்காலையின் கட்டி முடிக்காத சுவர்.

"அரவிந்தவல்லியின் வளையல் ஓசை கேட்டதும் பாஷ்யத்தின் கையிலிருந்த திருப்புளி—"

"அரவிந்தவல்லி யாரு?" என்றான் வேங்கடேசன்.

"கதாநாயகி."

"பாஷ்யத்துக்கு அப்படி யாரும் கிடையாதே."

அவளையும் வெட்டினேன். பாவம், அந்தப் பெண்ணுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு புடவை வேறு கட்டி வைத்திருந்தேன்.

"விஞ்ஞானம் மனிதனுக்குத் தந்த வரங்களுள் தலையாயது—"

இதைக் கிழிக்க வேங்கடேசன் தேவைப்படவில்லை.

சரி, அலங்காரம் வேண்டாம். எழுபத்தாறாம் வருஷம். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டில் நடுத்திட்டுக்குப்பம் என்று ஓர் ஊர். வரைபடத்தில் தேடாதீர்கள், பேர் நான் வைத்தது. படகில்தான் போக வேண்டும். புயல் எச்சரிக்கை கேட்பதற்கு அங்கே இலாகா ஏற்கெனவே ஒரு வயர்லெஸ் பெட்டி வைத்திருந்தது. அந்தப் பெட்டிக்குக் காது மட்டும்தான் உண்டு. இப்போது வாயும் உள்ள பெட்டி ஒன்று வைக்கப் போகிறார்கள். குப்பமும் பேசலாம். படகு திரும்பவில்லை, ஆளைக் காணவில்லை, உதவி வேண்டும் என்றால் மெட்ராஸுக்குச் சொல்லலாம்.

குப்பத்துப் பெட்டியின் குரல் சன்னமானது, மெட்ராஸ்வரை எட்டாது. அதை நடுவில் வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்ல ஓர் இயந்திரம் வேண்டும். அதுதான் ரிப்பீட்டர். அதைக் கும்மிடிப்பூண்டியில் நிறுத்தும் வேலை இளம் இன்ஜினியர் பாஷ்யத்துக்கு வந்தது.

3

இந்தப் பகுதியை வாசகர்கள் தாண்டிப் போய்விடுவார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் சொன்னார்கள். தாண்டாதீர்கள். எனக்கே விளங்கிவிட்டது, உங்களுக்கு விளங்காதா?

ரிப்பீட்டர் என்ன செய்கிறது? ஒரு காதால் கேட்கிறது. அதே நொடியில் வாயால், வேறோர் அலையில், திருப்பிச் சொல்கிறது. முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. காதும் வாயும் ஒரே பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் ஒருவர் காதோரம் ரகசியம் கேட்டுக்கொண்டே அதையே தொண்டை கிழியக் கத்திப் பாருங்கள். ரகசியம் காதில் விழுமா? உங்கள் கத்தலே உங்கள் காதை அடைத்துவிடும். கத்தலை நிறுத்தினால் ரகசியம் கேட்கும். கேட்டதும் கத்துவீர்கள். மறுபடி அடைக்கும். அதுதான் அந்த டக், டக், டக்.

அதனால் காதுக்கு முன்னால் ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல்தான் கேவிட்டி. ஆள் முழங்கால் உயரத்துக்கு ஒரு செம்பு டப்பா, உள்ளே காலி. மேலே மூடியிலிருந்து ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். தண்டை ஏற்றி இறக்கினால் அந்த டப்பா எந்த அலையை உள்ளே விடும் என்பது மாறும்.

(வேங்கடேசன் ஓரத்தில் எழுதியிருக்கிறான்: "அலை இல்லை, அலைவரிசை." இருக்கட்டும்.)

கல்யாண மண்டபத்து வாசலில் ஆள் நிறுத்துகிறோம் அல்லவா? ஒரு விதம்: "அந்தச் சிவப்புச் சட்டைக்காரனை மட்டும் விடாதே, மற்ற எல்லாரும் வரலாம்." இன்னொரு விதம்: "நம்ம மாப்பிள்ளை வீட்டார் மட்டும் வரலாம், வேறு எவனானாலும் வெளியே." கேவிட்டியிலும் இந்த இரண்டு ஜாதிதான். முதல் வகை விலை குறைவு. ஆனால் யார் எதிரி என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது வகைக்கு நண்பனைத் தெரிந்தால் போதும்.

பாஷ்யம் இரண்டாவது வகையைக் கேட்டான். காரணம் ஜன்னலுக்கு வெளியே நின்றது. தொழிற்பேட்டையில் மாதத்துக்கு ஒரு ஆலை முளைக்கிறது. நாளைக்கு எவன் சொந்தமாக வயர்லெஸ் வைத்துக்கொண்டு எந்த அலையில் கத்துவான் என்று யார் கண்டார்கள்?

அவனுடைய மேலதிகாரி ஆதிநாராயணன் மூன்றாவது ஒரு வகையைச் சொன்னார்.

"பாஷ்யம், எதுக்குப்பா டப்பாவே?"

"டப்பா இல்லாட்டா குப்பத்துக் குரல் கேக்காது சார்."

"மெட்ராஸ்ல இருந்து போறது கேக்குமில்ல?"

"அது நல்ல பலமா வரும் சார். எப்படியும் போயிடும்."

"அப்புறம் என்ன? புயல் வருதுன்னு நாம சொல்றோம். அவங்க கேட்டுக்கறாங்க. அவங்க கேட்டா போதும்யா. பேசறதுக்கு அவங்ககிட்ட என்ன இருக்கு?"

டப்பா வேண்டும் என்ற விண்ணப்பத்தைப் பாஷ்யம் மறுபடி அவர் முன்னால் நகர்த்தினான். மேஜைக்கு அந்தப்புறம் இருந்தவர் கையில்தான் அனுமதி இருந்தது.

4

இந்த ஆதிநாராயணனோடு எனக்கு ஒரே தகராறு. அவருக்கு முதல் பிரதியில் முறுக்கு மீசை வைத்தேன். வெற்றிலைச் சாறு வழிய விட்டேன். ஒரு இடத்தில் சிரிக்கக்கூட வைத்தேன், "ஹ ஹ ஹ" என்று. வேங்கடேசன் படித்துவிட்டு, "அவர் ரொம்ப நல்ல மனுஷர், அக்கா. மழையில் நின்ன வாட்ச்மேனுக்குத் தன் குடையைக் கொடுத்துட்டு நனைஞ்சுண்டே போனவர்" என்றான். நல்ல மனுஷர் என்றால் நான் என்ன செய்வேன்? கதையில் கெட்டவன் இல்லாமல் எதை வைத்து நகர்த்துவது? மீசையை எடுத்தேன். சிரிப்பை எடுத்தேன். குடை மட்டும் இருக்கிறது.

செங்கம்மாள் விஷயத்திலும் எனக்கு அடி விழுந்தது. குப்பத்துப் பெட்டியில் பேசுகிறவள் அவள்தான். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், பெட்டி இருந்தது கூட்டுறவுச் சங்கத்துக் கொட்டகையில், கொட்டகையில் எப்போதும் இருக்கிறவள் இறால் தரம் பிரிக்கிற செங்கம்மாள். அவளை முதலில் நான் கரையில் நிறுத்தி, கலங்கிய கண்களோடு தொடுவானத்தைப் பார்க்க—

"அவளுக்கு அதுக்கெல்லாம் நேரமில்லை" என்றான் வேங்கடேசன். அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். முடிக்க மனசில்லை.

பாஷ்யம் அலுவலகத்தை விடாமல் நச்சரித்து, கேட்ட டப்பாக்களையே வாங்கிவிட்டான். மொத்தம் ஆறு. மூன்று ரிப்பீட்டரின் காதுப் பக்கம், மூன்று, வாயின் சிதறல் காதுக்குப் போகாதபடி, வாய்ப் பக்கம். மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தண்டையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நட்டை இறுக்கினான். பழவேற்காட்டுச் சாலையில் ஜீப்பிலிருந்து சோதித்தபோது குரல் கண்ணாடி மாதிரி வந்தது. "இனிமே எவனும் கை வைக்காதீங்க" என்று தொட்டி அறைப் பொறுப்பாளன் துளசிராமனிடம் சொல்லிவிட்டு, பள்ளிப்பட்டுப் பக்கம் வேறு வேலைக்குப் போனான்.

அவன் இல்லாதபோது குப்பத்தில் புதுப் பெட்டி இறங்கியது. செங்கம்மாள் பொத்தானை அழுத்தினாள். டக். டக். டக்.

நாள் தவறாமல் அழுத்தினாள். நாள் தவறாமல் டக். மெட்ராஸ் சொல்வது குப்பத்துக்குப் போனது. குப்பம் சொல்வது துணுக்குத் துணுக்காக நொறுங்கியது.

(நேரில் போய் என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு மெக்கானிக் படகில் போனானாம். பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தானாம். அவள் என்ன பேசினாள் என்று கேட்பது அவன் வேலை இல்லையாம். இதை நான் கற்பனை செய்திருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

ஆதிநாராயணன் பாஷ்யத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் டப்பா செத்துப்போச்சு. மழைக்காலம் வருது. அந்தப் பேசற பெட்டியைக் கழட்டி எடுத்துக்கினு வரச் சொல்லிட்டேன். பழைய பெட்டியே போதும்."

5

பாஷ்யம் பஸ் பிடித்து வந்து தொட்டி அறைக் கதவைத் திறந்தான். கண் கூசியது.

ஆறு டப்பாவும் பளபளவென்று மின்னின, கல்யாணச் சீர் வரிசையில் வைத்த குடம் மாதிரி. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். காய்ந்த சாமந்தி. மேலே ஆறு தண்டுகளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அணிவகுத்ததுபோல் ஒரே உயரத்தில்.

"துளசிராமா!"

"சார், வாங்க சார். நாஷ்டா ஆச்சா?"

"இது என்னய்யா?"

"ஆயுத பூஜ சார். எல்லா மிசினுக்கும் போட்டோம். டப்பா கறுத்துப்போயி கெடந்துச்சு. புளி போட்டுத் தேச்சேன். இன்னா மின்னு மின்னுது பாத்தீங்களா?"

"தண்டு? தண்டை யார் தொட்டது?"

"அத்த கயட்டாம எப்டி சார் தேய்க்கிறது? மூடி இடுக்குல எல்லாம் அயுக்கு."

"கையே வைக்காதேன்னு சொன்னேனே!"

"இன்னா சார், பூஜைக்கித் தொடைக்கிறது கை வைக்கிறதுல சேத்தியா?"

பாஷ்யம் கீழே உட்கார்ந்துவிட்டான். கை வைப்பது வேறு, பூஜைக்குத் துடைப்பது வேறு. நம்மில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"சரி. கழட்டினதை அதே உயரத்துல வெச்சிருக்கக் கூடாதா? மூணு தாழ்வா இருந்தது, மூணு உசரமா இருந்தது."

"அப்டித்தான் சார் வெச்சேன். பெரிய ஐயா பூஜைக்கி வந்தாருல்ல? சுண்டல் துன்னுக்கினே பாத்தாரு. 'இன்னாடா இது, ஒண்ணு தூக்கிக்கினு ஒண்ணு எறங்கிக்கினு கீது, வேலை செஞ்ச மாதிரியா கீது?'ன்னாரு. சரின்னு எல்லாத்தையும் அந்தப் பக்கத்து மூணு மட்டத்துக்கே ஏத்திட்டேன். இப்ப லட்சணமா இல்ல?"

அந்தப் பக்கத்து மூன்று என்றால் வாய்ப் பக்கத்து மூன்று. காதுப் பக்கத்து டப்பாக்களையும் வாயின் மட்டத்துக்கே வைத்தால் என்ன ஆகும்? மண்டபத்து வாசலில் நின்ற காவல்காரன் மாப்பிள்ளை வீட்டாரை வெளியே தள்ளி, எவனை விடக் கூடாதோ அவனை மாலை போட்டு உள்ளே அழைக்கிறான். குப்பத்தின் குரலுக்குக் கதவு சாத்தியாயிற்று. தன் கத்தலுக்கே கதவு திறந்தாயிற்று.

பாஷ்யம் திட்ட வாய் திறந்தான். எதிரே நின்றவன் முகத்தில் பாராட்டை எதிர்பார்க்கிற களை. கையில், எடுத்து வைத்திருந்த பொரி கடலைப் பொட்டலம்.

"உங்க பங்கு சார். நமுத்துப் போச்சு, ஆனா பிரசாதம்."

பாஷ்யம் அதை வாங்கிச் சாப்பிட்டான். வேறென்ன செய்வான்? பிறகு மீட்டரைத் திறந்தான்.

6

"சார், டப்பா மேல தப்பில்லை. தண்டு இடம் மாறியிருந்தது. சரி பண்ணிட்டேன்."

"எப்படி மாறிச்சு?" ஆதிநாராயணன் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

(இங்கே பாஷ்யம் நெஞ்சை நிமிர்த்தி ஒரு பிரசங்கம் செய்கிற மாதிரி எழுதியிருந்தேன். ஒரு பக்கத்துக்கு வந்தது. ஏழைகளின் குரல், ஜனநாயகம், எல்லாம் இருந்தது. வேங்கடேசன் படிக்கும்போது கொட்டாவி விட்டான். நடந்தது கீழே உள்ளதுதான்.)

"ரிப்போர்ட்ல காரணம் எழுதணும் சார். ஆயுத பூஜையை எழுதலாமா?"

பேனா நின்றது.

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை சார். யார் வந்தாங்க, சுண்டல் சாப்பிட்டுக்கிட்டே யார் என்ன சொன்னாங்கன்னு... முழுசா எழுதினாத்தான் மேலே நம்புவாங்க."

ஆதிநாராயணனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் காது சிவந்ததைப் பாஷ்யம் பார்த்தான். தன் வாயா இப்படிப் பேசியது என்று அவனுக்கே ஆச்சரியம்.

"உனக்கு என்னப்பா வேணும்?"

"ஒரு சோதனை சார். பெட்டியைக் கழட்ட ஆள் கிளம்பறதுக்கு முன்னாடி. நீங்களே தொட்டி அறைக்கு வாங்க. மெட்ராஸ் எச்சரிக்கை படிச்சு முடிச்சதும் குப்பம் பேசட்டும். விளங்கலைன்னா நானே போய்க் கழட்டிட்டு வரேன்."

"விளங்கினா மட்டும்? இறால் என்ன விலைன்னு கேப்பாங்க. அதுக்கா ஆறு டப்பா?" என்றவர் பெருமூச்சு விட்டார். "சரி. வரேன். ஒரே ஒரு தடவைதான்."

7

வாசகர்களே, இங்கே நான் மாட்டிக்கொண்டேன். முடிவுகள் மூன்று கையில் இருக்கின்றன. எதுவும் தேறவில்லை.

முதல் முடிவு. சோதனை நாளில் புயல். கூரை பறக்கிறது. செங்கம்மாளின் குரல், "ஐயா, படகுகள்—!" பாஷ்யம் கடைசித் தண்டைத் திருகுகிறான். படகுகள் கரை சேர்கின்றன. பத்திரிகைக்கு மிகவும் பிடித்தது இதுதான். படம் போடுகிறவர் அலைகூட வரைய ஆரம்பித்துவிட்டார். ஆனால் அன்று வெயில் கொளுத்தியதாம்.

இரண்டாவது. சோதனை தோற்கிறது, பாஷ்யம் ராஜினாமாக் கடிதத்தை— முடியாது. அவனுக்கு அந்த வேலை கிடைக்க அவன் அப்பா யார் யார் வீட்டு வாசலில் நின்றாரோ.

மூன்றாவது. ஆதிநாராயணன் மனம் இளகி, கண்களில் நீர் மல்க, "பாஷ்யம், நீ என் கண்ணைத்—"

இதை எழுதிய பேனாவைத்தான் முதலில் உடைக்க வேண்டும்.

எனவே ஒன்று செய்கிறேன். சோதனை நடந்தது. அதை மட்டும் சொல்கிறேன். அதற்குப் பிறகு ஆதிநாராயணன் என்ன உத்தரவு போட்டார், பேசும் பெட்டி குப்பத்தில் இருந்ததா, படகேறி வந்துவிட்டதா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. இத்தனை பாடுபட்டு உங்களுக்குக் கேவிட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இந்த உபகாரமாவது செய்யுங்கள்.

8

தொட்டி அறை. கூரைச் சூட்டில் செம்பு தகித்தது. துளசிராமன் ஆதிநாராயணனுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். தண்டுகள் மறுபடி மூன்று தாழ்ந்தும் மூன்று உயர்ந்தும் நின்றன. துளசிராமனுக்கு அதைப் பார்க்கவே மனசில்லை.

"சார், சாமான் நல்லாத்தான் கீது. ஆனா பாக்கறதுக்குத்தான்..."

"நீ சும்மா இரு" என்றார் ஆதிநாராயணன், அவசரமாக.

பாஷ்யம் நட்டுகளை இன்னொரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தான். ஒரு டக் விழுந்தால் போதும், நடுத்திட்டுக்குப்பம் மறுபடி ஊமை. இந்த மழைக்காலத்தில் எவனாவது கரை சேராமல் போனால் அதைச் சொல்ல அந்த ஊருக்கு வாய் இருக்காது.

ஒலிபெருக்கி கரகரத்தது. மெட்ராஸ்.

"தென்மேற்கு வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு நிலையானது மேற்கு வடமேற்குத் திசையில் நகரக்கூடும் என எதிர்பார்க்கப்படுகிறது. தரைக்காற்று அவ்வப்போது வலுவடையக்கூடுமாதலால், மீன்பிடித் தொழிலில் ஈடுபடுவோர் தக்க முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். செய்தி முற்றுப்பெற்றது."

"எவ்வளவு தெளிவு பார்" என்றார் ஆதிநாராயணன். "இதுக்கு மேல அவங்களுக்கு என்ன வேணும்?"

பாஷ்யம் ஒலிவாங்கியை எடுத்தான்.

"நடுத்திட்டுக்குப்பம், கும்மிடிப்பூண்டி பேசறேன். நீங்க பேசலாம்."

ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை. ஆதிநாராயணன் எழுந்திருக்க முழங்காலில் கை ஊன்றினார்.

பெட்டி விழித்துக்கொண்டது. டக் இல்லை. கொட்டகைக்குள் ஏதோ கூடை இழுபடும் சத்தம், யாரோ யாரையோ அதட்டும் சத்தம், காக்காய், எல்லாம் முழுசாக வந்து அறையில் நிறைந்தன. அப்புறம் அவள் குரல், வெட்டுப்படாமல், பக்கத்தில் குந்தியிருந்து பேசுகிற மாதிரி:

"சார், நான் செங்கம்மா பேசறேன், இப்பனாச்சும் கேக்குதா? தெனிக்கும் நீங்க படிக்கிறீங்க, நாங்களும் ஊரோட குந்திக்கினு கேக்கறோம்... ஆனா இன்னா சொல்றீங்கன்னு ஒரு நாளும் ஒருத்தருக்கும் பிரியல சார். அங்க ஒரு ஆளு இருந்தா தமிழ்ல சொல்லச் சொல்லுங்களேன்."